அப்பா நடக்க மாட்டேன் என்கிறார், அவருக்கு எப்படி மனசு வரும்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பாம்பன் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இளவட்டத்திலிருந்து வல்லம் என்ற நாட்டுப்படகிலும், பிறகு விசைப்படகிலும் மீன்பிடிக்கப் போனவர், மூட்டுவலி வந்ததும் கடலை விட்டுவிட்டார். விட்ட இரண்டு மூன்று வருஷத்தில் சர்க்கரை, கூடவே பிரஷர். டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்கிறார். அப்பா தலையாட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு காலத்தில் கடல்பாசி பறிக்கப் போய்க்கொண்டிருந்த அம்மா இப்போது கருவாட்டு வேலை பார்க்கிறார். அவருக்கும் சர்க்கரை. "நாள் முழுக்க நிக்கிறேன், இதுக்கு மேல என்னத்த நடக்க" என்கிறார். நீங்கள் சென்னைப் பக்கத்து ஒரகடத்திலிருந்து தினமும் போனில் கெஞ்சுகிறீர்கள். இது சோம்பலா, அறியாமையா, என்ன சொன்னால் இவர்களுக்கு மனசு வரும் என்பது உங்கள் கேள்வி.

அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. முதலில் மனசு வர வேண்டும், அப்புறம் கால் தானாக நடக்கும் என்ற நம்பிக்கை. நான் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை உள்ள கடற்கரை ஊர்களில் பல வருஷமாக இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன். மாத்திரை, இன்சுலின் அளவு என் துறை இல்லை, அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். உடம்பை அசைப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பார்த்தவரை மனசு முதலில் வருவதில்லை. இடம், நேரம், துணை, போய்வர ஒரு காரணம், வலி இல்லாத முழங்கால், இவையெல்லாம் கூடி வந்த பிறகுதான் வருகிறது. இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஆளிடம் போய் "ஏன் மனசு வரலை" என்று கேட்பதில் நியாயம் இல்லை.

சோம்பல் என்ற வார்த்தையை முதலில் விட்டுவிடுங்கள். நாற்பது வருஷம் வலை இழுத்தவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் உடம்பு உழைத்தது மீன் விற்ற காசில் கிடைக்கும் பங்குக்காக. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு பலன் இருந்தது: மீன் ஏறியது, காசு வந்தது, வீட்டில் அடுப்பு எரிந்தது. இப்போது ஒரு டாக்டர், எங்கும் போய்ச் சேராமல், எதையும் கொண்டுவராமல், ரோட்டில் போய்த் திரும்பி வா என்கிறார். அவர் கண்ணுக்கு அது வெட்டி வேலை. அதோடு ஊர் இருக்கிறது. சாயங்காலம் வெறுங்கையோடு ஒருத்தர் நடந்தால் நாலு திண்ணையிலிருந்து குரல் வரும்: "என்னண்ணே, எங்க போறீக?" சும்மா நடக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி, "சுகர் வந்திருச்சோ?" கடலில் பேர் எடுத்த மனிதருக்கு இந்தக் கேள்வி ஊசியைவிட வலிக்கும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

அறியாமையும் இல்லை. நடந்தால் சர்க்கரை குறையும் என்பது இந்தக் கரையில் இன்று தெரியாதவர் குறைவு. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது, கொண்டுவரும் பெண்ணும் நடக்கச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். தெரிவது வேறு, செய்வது வேறு என்பதை ஆராய்ச்சியாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். 2011-ல் சூசன் மிச்சி என்ற பிரிட்டன் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு விளக்கச் சட்டகத்தை வெளியிட்டார்கள். ஒரு செயல் நடக்க மூன்று வேண்டும்: செய்யும் திறன், செய்ய வாய்ப்பு, செய்யத் தூண்டும் உந்துதல். அறிவு என்பது திறனுக்குள் ஒரு சின்னப் பகுதி மட்டுமே. நாம் அந்தப் பகுதியையே திரும்பத் திரும்ப ஊட்டிக்கொண்டிருக்கிறோம். டெசி, ரையன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உந்துதலைப் பற்றியே பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். தானே தேர்ந்தெடுத்தது என்ற உணர்வு, தன்னால் முடியும் என்ற உணர்வு, தன்னவர்களோடு சேர்ந்திருக்கும் உணர்வு, இந்த மூன்றும் உள்ள செயல்தான் ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். உங்கள் அப்பாவுக்குச் சொல்லப்பட்ட நடையில் மூன்றுமே இல்லை. டாக்டர் தேர்ந்தெடுத்தது, முழங்கால் ஒத்துழைக்காதது, தனியாகச் செய்ய வேண்டியது.

ஆக, அவர் எந்த நடையை வேண்டாம் என்கிறார், எந்த நடையைக் கேட்காமலே செய்கிறார் என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர், உங்கள் அப்பாவின் வயதுதான், வேதாளைப் பக்கம், "நடை எனக்கு ஆகாது" என்று அடித்துச் சொன்னார். காலையில் வல்லங்கள் கரைக்கு வரும் நேரத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்து கரைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத்தான் வந்தார். ஒரு வல்லத்தின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், கை வைத்துத் தள்ளிவிட்டார், கூடையில் எட்டிப் பார்த்து நகரை மீனும் சூடை மீனும் எவ்வளவு என்று கேட்டார், ஏலம் முடிகிறவரை நின்றார், இளைஞன் ஒருவன் வலையில் சிக்கிய நண்டைப் பிய்த்து எடுக்கும் விதம் சரியில்லை என்று திட்டிவிட்டு, தானே உட்கார்ந்து எடுத்துக் காட்டினார். போகும்போது கையில் ஒரு பை மீன். அதை அவர் நடை என்று எண்ணவே இல்லை, கரைக்குப் போய் வருவது, அவ்வளவுதான். அவரிடம் நான் மாற்றச் சொன்னது ஒன்றே ஒன்று: வருகிற வழியில் சர்ச் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். சுற்றினார். அதற்கு அவருக்கு மனசு வர வேண்டியிருக்கவில்லை.

இங்கே உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். உடம்பை அசைத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றுக்கும் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை வரும் எல்லையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். நம்மூர் உடம்புகளில் பார்த்த முடிவு என்பதால் இதை அடிக்கடி சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை அதில் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்குத்தான். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விடுதலை இல்லை. பத்தாயிரம் அடி என்ற எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-ல் அமெரிக்காவில் வயதான பெண்களிடம் செய்த ஆய்வில், நாளைக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் கூடுதல் பலன் அதிகம் தெரியவில்லை. அரசு 2023-ல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து நடக்கச் சொன்னது நல்ல காரியம், ஆனால் உங்கள் அப்பா தொடங்க வேண்டிய இடம் அது இல்லை.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி முழு உண்மை. இந்தியாவில் பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் 42, பெண்களில் 57 சதவீதம் என்று 2024-ல் வெளியான உலகளாவிய கணக்கு சொன்னது. அதைப் படித்துவிட்டு நம் கரைப் பெண்களிடம் வந்து "நீங்கள் அசைவதில்லை" என்றால் அது அநியாயம். சின்னப்பாலத்துப் பெண்கள் பாசிக்குப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மாட்டி, கையில் துணி சுற்றி, தீவுப் பக்கம் முக்குளித்துப் பாறையிலிருந்து பறித்து, ஈரப் பாசியைச் சுமந்து வருகிறவர்களுக்கு யாரும் உடற்பயிற்சி சொல்லித்தர வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ஓய்வும், இடுப்புக்கும் தோளுக்கும் கொஞ்சம் இளக்கமும்தான். ஆனால் அம்மா இப்போது செய்வது கருவாட்டு வேலை. குனிந்து நிற்பது, உட்கார்ந்து கீறி உப்புப் போடுவது, வெயிலில் பரப்புவது. களைப்பு நிறைய, ஆனால் மூச்சு வாங்குகிற மாதிரி தொடர்ந்து நடக்கும் வேலை குறைவு. களைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல என்பதை அவரிடம் குற்றம் சாட்டாத குரலில் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் அறிவியலே கொஞ்சம் தடுமாறுகிறது. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ், பஸ்ஸில் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். வேலையில் வரும் அசைவும் நல்லது என்று அன்றிலிருந்து சொல்லி வந்தோம். சமீப ஆண்டுகளில் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்: பாரம் தூக்கும், நாள் முழுக்க ஓய்வில்லாத கடும் உழைப்பு இதயத்துக்கு அதே நன்மையைத் தருவதில்லை, கெடுதலாகக்கூட இருக்கலாம் என்று. கடும் வேலை செய்கிறவர்கள் ஏழைகளாகவும் இருப்பதால், கெடுதல் வேலையாலா வறுமையாலா என்று பிரிப்பது கஷ்டம். விவாதம் முடியவில்லை. என் கருத்து, அம்மாவுக்கு இன்னும் வேலை ஏற்றக் கூடாது. தினம் இருபது நிமிடம் அவருக்கே அவருக்கென்று கிடைத்தால், அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டு நடக்கட்டும். அந்த இருபது நிமிடம் யாரால் கிடைக்கும்? தண்ணீர் பிடிப்பதையும் இரவுப் பாத்திரத்தையும் வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் கிடைக்கும். பெண்களுக்கு விருப்பம் இல்லை என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் நான் பார்த்தது, அவர்களுக்கு நேரம் இல்லை என்பதைத்தான்.

இடமும் ஒரு பெரிய விஷயம். விருப்பம் உள்ளவரையும் நம் கரை திருப்பி அனுப்பிவிடும். காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரமாக நடந்தால் லாரி உரசிக்கொண்டு போகும். ஊருக்குள் நடந்தால் நாய். ஒற்றையடிப் பாதை என்றால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், செருப்பைத் துளைக்கும் முள். இருட்டிய பிறகு விளக்கு இல்லாத தெருவில் பெண்கள் எப்படி நடப்பார்கள்? கீழக்கரையில் சில வீடுகளில் பெண்கள் மொட்டைமாடியில் நடக்கிறார்கள், சுபுஹு என்ற விடியற்காலைத் தொழுகை முடிந்து, வெயில் ஏறுவதற்குள். நாலைந்து பேராகச் சேர்ந்துகொள்கிறார்கள், ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் கூப்பிட்டுவிடுகிறார்கள். யாரும் பார்க்காத, யாரும் கேள்வி கேட்காத இடம். அங்கே "மனசு" என்ற பேச்சே எழுவதில்லை.

பருவமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இன்னும் கடலுக்குப் போகிறவர்களிடமும் அந்த இரண்டு மாதத்தில் தொப்பையும் சர்க்கரையும் ஏறுவதைப் பார்க்கிறேன். சாப்பாடு அப்படியே இருக்கிறது, உழைப்பு நின்றுவிடுகிறது, பலருக்குக் குடியும் கூடிவிடுகிறது. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் நடையைவிட முதலில் அதைத்தான் டாக்டரிடம் பேச வேண்டும். சாப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேசப்போவதில்லை. சோற்றைக் குறைத்து மீனைக் குறைக்காமல் இருந்தால் நல்லது. பிரஷர் உள்ளவருக்குக் கருவாடு அடிக்கடி கூடாது. கருப்பட்டியும் சர்க்கரைதான்.

இனி போன். நீங்கள் தினமும் "நடந்தீங்களா" என்று கேட்பது அன்பால்தான், ஆனால் கேட்கிற இடத்தில் அது ஆஜர் எடுப்பதாக விழுகிறது. இல்லை என்று மகனிடம் ஒத்துக்கொள்ள எந்த அப்பாவுக்கும் பிடிக்காது. கொஞ்ச நாளில் பொய் சொல்லத் தொடங்குவார், அல்லது போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். சர்க்கரையால் கால் அகற்றப்பட்ட உறவினரைக் காட்டிப் பயமுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று நம்புகிறவரிடம்தான் பயம் வேலை செய்யும். முடியாது என்று நினைப்பவரிடம் பயத்தைக் கூட்டினால் காதை மூடிக்கொள்வார். இது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லப்பட்டது, நானும் தினமும் பார்ப்பது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். "இன்னைக்குக் கரையில என்ன மீன் பட்டுச்சு, என்ன விலைக்குப் போச்சு?" என்று கேளுங்கள். கரைக்குப் போனால்தான் பதில் தெரியும். அவருக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கிறீர்கள், அதில் அவர் பெரியவராகவே இருக்கிறார்.

முழங்கால்தான் அவருடைய உண்மையான தடை என்று நினைக்கிறேன். வலிக்கும்போது நடந்தால் அடுத்த நாள் மனசு வராது, அது இயற்கை. தொடையின் முன்தசைக்குப் பலம் ஏறினால் வலி குறையும். அதற்கு ரோட்டுக்கே போக வேண்டாம். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரட்டும். முதலில் ஐந்து தடவை, காலையும் மாலையும். முடியாவிட்டால் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். அதோடு சாப்பிட்ட பின் பத்து நிமிடம் வீட்டுவாசலிலேயே நடை. நியூசிலாந்தில் 2016-ல் வெளியான ஆய்வில், ஒரே தடவை அரை மணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தது, சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையை நன்றாகக் குறைத்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறிப்பாக. 41 பேரிடம் மட்டும் செய்தது, அதனால் வேதவாக்காக எடுக்காதீர்கள். ஆனால் செலவில்லை, ஆபத்தும் குறைவு, மூட்டுக்கும் தாங்கும். வேகம் எவ்வளவு என்று கேட்பார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும்.

"ஒரு மண்டலம் செஞ்சா பழகிரும்ல?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். லண்டனில் பழக்கம் பற்றிச் செய்த ஓர் ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்கு ஊற நடுவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுப்போகவும் இல்லை. 48 நாளில் பழகாவிட்டால் தோற்றுவிட்டதாக அவர் நினைக்கக் கூடாது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களையும் நகரத்து ஆட்களையும் வைத்துச் செய்தவை. கடலை விட்டு வந்த மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் வரும் உற்சாகம் ஓராண்டில் தேய்ந்துவிடுவதும் பல திட்டங்களில் கண்டதுதான். துணை இருந்தவர்கள் மட்டும் கொஞ்சம் நீடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, பாதம். நம் ஆட்கள் மணலில் வெறுங்காலோடு நடந்தே வளர்ந்தவர்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு மதிய மணல் சுடுவது தெரியாது. உள்ளங்காலில் பெரிய கொப்புளத்தோடு நடந்துவந்து, "எப்பய்யா வந்துச்சு இது?" என்று என்னையே கேட்டவர்கள் இருக்கிறார்கள். சிப்பி கிழித்ததும் அப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதத்தை நைலான் இழையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உணர்ச்சி குறைவு என்றால் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு இல்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது, தினமும் இரவு அம்மா டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கட்டும். இரண்டு, இன்சுலினோ கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால் நடையில் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும், வேர்த்து நடுக்கம் வந்தால் உடனே வாயில் போட வேண்டும். மூன்று, நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கை, தாடைப் பக்கம் வலியோ வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அது மூட்டுவலி மாதிரி பொறுத்துப் பார்க்கிற வலி இல்லை.

அடுத்து லீவில் ஊருக்கு வரும்போது ஒரு காலை அவரோடு கரைக்குப் போங்கள். நடைப்பயிற்சி என்று சொல்ல வேண்டாம், மீன் வாங்கப் போகலாம் என்று சொல்லுங்கள், உண்மையிலேயே வாங்குங்கள். நிற்காமல் எவ்வளவு தூரம் வருகிறார், எந்த இடத்தில் முழங்காலைப் பிடிக்கிறார், ஏறும்போது வலியா இறங்கும்போது வலியா, மூட்டில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். நாற்காலிப் பயிற்சிக்கு அடுத்து என்ன என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.